வீட்டு மூலையில் ஒரு வழங்கி: வட சிலாங்கூர் வீடுகளுக்கு எது ஏற்றது?

தோட்டம் கைமாறி, லயங்கள் இடிபட்டு, குடும்பங்கள் புக்கிட் ரோத்தானுக்கும் பெஸ்தாரி ஜெயாவுக்கும் கிள்ளானுக்கும் சிதறிய பிறகு அந்தத் தோட்டத்தின் வரலாறு எங்கே இருக்கிறது? கோலசிலாங்கூர் மாவட்டத்தில் இன்று அது ஆளுக்கொரு கைப்பேசியில் கிடக்கிறது. பெரட்டுக் களத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை யாரோ ஒருவர் கைப்பேசியால் படம்பிடித்துப் புலனக் குழுவில் போட்டிருப்பார். மாரியம்மன் கோயில் தீமிதிக் காணொளி, திரை உடைந்த பழைய பேசி ஒன்றில் இருக்கும். தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும்.

இம்மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. அதைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் கோன்கூர் பரிசு கிடைத்தது. துரையின் நினைவு நூலாகி நிலைத்தது. கன்று சுமந்தவர்கள், பால்மரம் சீவியவர்கள், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர்கள் ஆகியோரின் நினைவுக்கு அப்படி ஓர் இடம் அமையவில்லை. மேரி, சுங்கை திங்கி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு காத்திருந்த கதையை இந்த வட்டாரம் அறியும். வீடு மாறும்போதெல்லாம் முதலில் தொலைவது காகிதமும் படமும்தான்.

சிறிய, குறைந்த மின்சாரத்தில் ஓடும் கணினி ஒன்றை வீட்டிலேயே வழங்கியாக வைத்துக்கொள்வது பற்றி இப்போது பலர் பேசுகிறார்கள். மாதச் சந்தா மிச்சம், வேகம், தனியுரிமை என்று அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. சுங்கை புரோங் பக்கத்து வீடு ஒன்றுக்கு, சுற்றுவட்டாரத் தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு அது என்ன செய்யும், எங்கே கைவிடும் என்பதையே இக்கட்டுரை பார்க்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டியை வைத்திருப்பது காப்பதற்காக. ஊருக்குத் திறந்துவிட அல்ல. பெட்டி வாங்குவது எளிது. இரண்டாவது பிரதியும், அதைப் பார்த்துக்கொள்ள இரண்டாவது ஆளும் அமைவதுதான் கடினம்.

இந்த யோசனை புதிதன்று. 2004இல் லிங்க்சிஸ் நிறுவனம் வெளியிட்ட என்எஸ்எல்யூ2 என்ற சிறு பெட்டி, வன்தட்டை வீட்டு வலையில் இணைப்பதற்காக மட்டுமே விற்கப்பட்டது. உள்ளே லினக்ஸ் ஓடுவதைக் கண்டுகொண்ட ஆர்வலர்கள் அதன் மென்பொருளை மாற்றி முழு வழங்கியாக்கினர். 2009இல் சுவர் மின்செருகி அளவில் ஷீவாபிளக் வந்தது. 2010 பிப்ரவரியில் நியூயார்க்கில் பேசிய சட்டப் பேராசிரியர் எபன் மோக்லன், ஒவ்வொருவரின் தரவும் அவரவர் வீட்டுப் பெட்டியிலேயே இருக்க வேண்டும் என்றார். அந்தப் பேச்சிலிருந்து பிறந்த ஃப்ரீடம்பாக்ஸ் திட்டம் இன்று டெபியனின் ஒரு பகுதி. தெலுங்கு நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் ஸ்வேச்சா என்ற கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் அதை நிறுவிப் பார்த்தார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று, பிள்ளைகள் நிரல் எழுதப் பழகட்டும் என்று கேம்பிரிட்ஜில் உருவான ராஸ்பெரி பை 35 டாலருக்கு விற்பனைக்கு வந்ததும் இந்த யோசனை சாதாரண வீடுகளுக்கும் எட்டியது.

மேகச் சேமிப்பு இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்விக்கு நியாயமான பதில் தேவை. வீடு எரிந்தாலும் வெள்ளம் வந்தாலும் மேகத்தில் உள்ள படம் அழியாது. அந்த நன்மையை எந்த வீட்டுப் பெட்டியும் தனியாகத் தர முடியாது. ஆனால் அங்கே வைத்ததற்கு நாம் உரிமையாளர் அல்லர், குடியிருப்பவர் மட்டுமே. கூகுள் போட்டோஸ் அளவு வரம்பின்றி இலவசமாகப் படம் ஏற்றவிட்டதை 2021 ஜூன் 1 முதல் நிறுத்தியது. யாகூ குழுமங்கள் 2019 டிசம்பரில் பழைய மடல்களை நீக்கி, அடுத்த ஆண்டு முற்றாக மூடின. இணையத்தில் தமிழ் இலக்கியம் தவழ்ந்த காலத்தின் ராயர் காப்பி கிளப்பும் மரத்தடியும் அங்கேதான் நடந்தன. தனியே எடுத்து வைத்தவர்களிடம் இருப்பது மட்டுமே இன்று மிச்சம். மைஸ்பேஸ் தளம் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்களை இழந்துவிட்டதாக 2019இல் ஒப்புக்கொண்டது. நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமான இழப்பு புலனத்தில் நடக்கிறது. வழக்கமான முறையில் அனுப்பும் படத்தை அது சுருக்கிவிடுகிறது. நான்கு பேர் கைமாறி வந்த பழைய குடும்பப் படத்தைப் பெரிதாக்கினால் முகமே தெரியாது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருங்காது என்பதைக்கூடப் பலரும் அறிந்திருக்கவில்லை.

கருவியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ராஸ்பெரி பை 4 அல்லது 5, சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 3 வாட் எடுக்கும். வட்டோடு சேர்த்து 5 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். 2023 தொடக்கத்தில் வந்த இன்டெல் என்100 சில்லு கொண்ட சிறு கணினிகள் 6 முதல் 10 வாட்டில் ஓடும், பையைவிட வேகமானவை. அலுவலகங்கள் கழித்துவிடும் கையடக்க மேசைக் கணினிகள் சில நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். 10 வாட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும். 2025 ஜூலையில் தெனாகாவின் கட்டண முறை மாறிய பிறகு ஆற்றல், திறன், வலையமைப்பு மூன்றும் சேர்ந்து வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு ஏறத்தாழ 44 சென். குறைவாகப் பயன்படுத்துவோருக்குக் கழிவும் உண்டு. 5 வாட் பெட்டி மாதம் முழுதும் ஓடினால் 3.6 யூனிட், அதாவது 1 ரிங்கிட் 60 சென். என்100 கணினிக்கு 3 ரிங்கிட் சொச்சம். மூலையில் தூங்கும் 70 வாட் பழைய மேசைக் கணினியை இதற்கென்று எழுப்பினால் மாதம் 22 ரிங்கிட், ஆண்டுக்கு 260 ரிங்கிட்டுக்கு மேல். இலவசமாகக் கிடைத்த அந்தப் பெட்டிதான் நாளடைவில் எல்லாவற்றிலும் விலை கூடியதாகிவிடும். பழைய மடிக்கணினி நல்ல தேர்வு. மின்வெட்டு நேரத்தில் அதன் மின்கலமே கைகொடுக்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் செருகியே இருந்தால் மின்கலம் உப்பும். உப்பியதைக் கண்ட அன்றே கழற்றிவிட வேண்டும்.

புதிதாகத் தொடங்கும் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது என்100 வகையைத்தான். ராஸ்பெரி பை நினைவட்டையிலிருந்து இயங்கும்போது, ஓயாமல் எழுதி அழிப்பதால் அந்த அட்டை தேய்ந்து ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடும். அதற்கென எஸ்.எஸ்.டி. வாங்கி, உறை வாங்கி, மின்செருகி வாங்கி முடிப்பதற்குள் விலை வித்தியாசம் மறைந்துவிடும்.

இனி இடியும் மின்னலும். பிறநாட்டு வழிகாட்டிகள் இரண்டு வரியில் கடந்துபோகும் இந்த விஷயம் இங்கே தலையாயது. உலகிலேயே மின்னல் மிகுந்த பகுதிகளில் சிலாங்கூரும் ஒன்று. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் வானம் இருண்டுவிடும். முன்பு ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தில் செம்புத் தொலைபேசிக் கம்பி வழியாக மின்னல் உள்ளே வந்து மோடத்தை எரிக்கும். அதோடு இணைந்த கணினியையும் சில சமயம் கொண்டுபோகும். 2010 மார்ச்சில் யூனிஃபை தொடங்கிக் கண்ணாடி இழை வீட்டுக்கு வீடு பரவியபோது அந்த வாசல் அடைபட்டது. இழை மின்சாரத்தைக் கடத்தாது. மீதியிருப்பவை மின்கம்பியும், கூரைமேல் உள்ள தட்டு அலைவாங்கியின் கம்பியும், வீட்டுக்கு வீடு வெளியே இழுத்த வலைக் கம்பியும். இந்த மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பக்கத்து அண்ணன் வீட்டுக்கு இணையம் பகிர வேலி வழியாகக் கம்பி இழுத்திருந்தால், அந்தக் கம்பியின் முனையில் வழங்கியைச் செருகாதீர்கள்.

நேரடியாக அடிக்காத மின்னலும் இங்கே வேலை காட்டும். பக்கத்தில் எங்கோ விழும்போது வீட்டின் மின்கசிவுத் துண்டிப்பான் தட்டிவிடும். ஆள் இல்லாத வீடாக இருந்தால் உறைபெட்டி உருகி, மீன் நாறி, மாலையில்தான் தெரியவரும். வழங்கியும் அதோடு சேர்ந்து சாகும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் மின்சாரம் திடீரென்று போனால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுபடும். வீட்டுப் படங்களின் பட்டியலை வைத்திருக்கும் தரவுத்தளம் அப்படி அறுபட்டால், படங்கள் இருந்தும் எது எங்கே என்று தெரியாமல் போகும். ஆகவே இந்த ஊரில் யூ.பி.எஸ். கட்டாயம். மோடத்துக்கும் ரவுட்டருக்கும் சிறிய மினி யூ.பி.எஸ். போதும். வழங்கிக்குப் போடுவது யூ.எஸ்.பி. கம்பியால் கணினியோடு பேசக்கூடிய வகையாக இருக்கட்டும். மின்கலம் தீரப்போகும்போது அது செய்தி அனுப்ப, 'நட்' என்ற கட்டற்ற மென்பொருள் கணினியை ஒழுங்காக அணைத்துவிடும். மின்சாரம் திரும்பியதும் ராஸ்பெரி பை தானே எழும். மற்றச் சிறு கணினிகள் பெரும்பாலும் எழாது. அவற்றின் அடிப்படை அமைப்புத் திரையில், மின்சாரம் வந்ததும் இயங்கு என்ற தேர்வை ஒருமுறை மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், கோலாலம்பூரில் படிக்கும் மகன் வார இறுதியில் வந்து பொத்தானை அழுத்தும்வரை பெட்டி உறங்கும்.

வெக்கையும் எறும்பும் கூடக் கணக்கில் வரவேண்டும். தகரக் கூரை வீட்டில் நடுப்பகலில் கூரையடி மூலை கொதிக்கும். ராஸ்பெரி பை 80 பாகை செல்சியஸைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறி இல்லாத அலுமினிய உறை நல்லது. விசிறி தூசியை இழுக்கும், சூடான இடுக்கில் எறும்பு கூடு கட்டும். கடலோரமான இப்பகுதியில் காற்றில் உப்பும் உண்டு. வரவேற்பறையில் மேசைக்கு மேலே, கண்ணில் படும் இடம் போதும். வெள்ளத்தை நினைத்தாவது தரையில் வைக்காதீர்கள். 2021 டிசம்பர் நடுவில் சிலாங்கூரை மூழ்கடித்த மழைக்குக் கோலசிலாங்கூர் மாவட்டமும் தப்பவில்லை.

அந்த வெள்ளம்தான் அடுத்த விஷயத்துக்குக் கொண்டுவருகிறது. வழங்கியில் வைத்துவிட்டோம், இனிப் பாதுகாப்பு என்று நினைப்பவர் ஏற்கெனவே பாதியை இழந்தவர். இரண்டு வட்டுகளை ஒன்றுபோல இயங்கவைப்பதும் காப்புப் பிரதி ஆகாது. ஒன்றில் தவறிப்போய் அழித்தால் இரண்டிலும் அழியும். மின்னல் அடித்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதி இங்கே அப்படியே பொருந்தும்: மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில்.

தமிழர்களுக்கு இதைப் புரியவைக்க வெளிநாட்டு விதி தேவையில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தது. அதற்கும் முன்பே, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு உலகெங்கும் இலவசமாகப் பரப்பியது. இவ்விரண்டு முயற்சிகளின் உறுதியும் இருப்பது, அவற்றின் கோப்புகள் எத்தனையோ பேர் கணினிகளில் பிரதியாகக் கிடப்பதில்தான். ஒரு தோட்டத்துக் குடும்பத்தின் படங்களுக்கும் அதே வழிதான்.

வேறு ஊரில் ஒரு பிரதி என்றதும் இணையம் வழியாக அனுப்புவதையே எல்லாரும் நினைக்கிறார்கள். அதைவிட உறுதியான வழி நம் வழக்கத்திலேயே இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குடும்பம் ஒன்றுகூடுகிறது. கிள்ளானில் இருக்கும் தங்கை ஒரு வெளிவட்டு வைத்திருக்கட்டும். சுங்கை புரோங் வீட்டில் இன்னொன்று. பண்டிகைக்கு வரும்போது தன் வட்டைக் கொடுத்துவிட்டு, புதிதாக நிரப்பிய வட்டை எடுத்துப் போகட்டும். இரண்டு வட்டும் கடவுச்சொல்லால் பூட்டியிருந்தால் வழியில் தொலைந்தாலும் யாரும் திறக்க முடியாது. அப்போதே ஓர் ஐந்தாறு படத்தைப் பழைய வட்டிலிருந்து திறந்து பார்த்துவிட வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்புப் பிரதியை நம்பக் கூடாது.

வெளியிலிருந்து அணுகுவதில்தான் ஆபத்தும் குழப்பமும் அதிகம். 2021 ஜூனில் இணையத்தோடு நேரே இணைந்திருந்த வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் பலவற்றைத் தாக்குநர்கள் தொலைவிலிருந்தே துடைத்தழித்தனர். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தாக்குதல் கியூநாப் நிறுவனப் பெட்டிகளைப் பூட்டி, திறக்க 0.03 பிட்காயின் கேட்டது. தாக்குதலுக்கு ஆளானவர்கள் குற்றம் செய்தவர்கள் அல்லர்; வீட்டுப் பெட்டியை வெளியூரிலிருந்து பார்க்க விரும்பியவர்கள். ரவுட்டரில் வாசல் திறந்துவிடச் சொல்லும் எந்த வழிகாட்டியையும் பின்பற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

திறக்க நினைத்தாலும் பலருக்கு முடியாது. இணைய முகவரிகளின் பழைய வகை ஏறத்தாழ 430 கோடிதான். ஆசிய பசிபிக் வட்டாரத்தின் தாராளக் கையிருப்பு 2011 ஏப்ரலில் முடிந்தது. அதன்பின் பல நிறுவனங்கள், குறிப்பாகக் கைப்பேசி அலைவரிசையில் வீட்டு இணையம் தருவோர், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறார்கள். இழை எட்டாத உள் தோட்டங்களில் இருக்கும் இணைப்பு பெரும்பாலும் இந்த வகைதான். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் உங்கள் வீடும் அப்படித்தான். இதற்கு நல்ல மாற்று உண்டு. 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவோடு சேர்ந்த வயர்கார்ட், குடும்பத்தின் கைப்பேசிகளையும் வழங்கியையும் ஒரு தனிவலையில் பூட்டிவைக்கும். அதன்மேல் கட்டிய டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் பகிர்முகவரிக்குப் பின்னாலும் வேலை செய்யும். முதல் ஆறு மாதத்துக்கு அதுவும் வேண்டாம். வீட்டு வைஃபைக்குள் மட்டும் இயங்கட்டும்.

மென்பொருளில் ஆசைப்பட்டு அள்ளிப் போடுவோர் அதிகம். டெபியன், அதன்மேல் கோப்புப் பகிர்வுக்குச் சாம்பா, கைப்பேசிப் படங்கள் தானாக வந்து சேர இம்மிச் அல்லது சின்க்திங். தொடக்கத்துக்கு இவ்வளவே தேவை. பெரிய அமைப்பு வேண்டுவோர் நெக்ஸ்ட்கிளவுடுக்குப் போகலாம். கட்டளைத் திரை அச்சம் தருமானால் யூனோஹோஸ்ட் உதவும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கிவிக்ஸ் ஒன்றைச் சேர்க்கலாம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியா, இணையம் அறுந்த மாலையிலும் வீட்டுக்குள் படிக்கக் கிடைக்கும்.

பழைய தமிழ்க் கோப்புகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். 1985இலேயே முரசு அஞ்சல் பிறந்த நாடு இது. தமிழ்ப்பள்ளி மலர்களும் கோயில் அறிக்கைகளும் ஒருங்குறிக்கு முந்தைய குறியாக்கங்களில் தட்டச்சாகி, பழைய வட்டுகளில் கிடக்கின்றன. இன்று திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். எழுத்து அழியவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகளால் ஒருங்குறிக்குக் கொண்டுவரலாம். மூலக் கோப்பையும் எறிய வேண்டாம், பக்கத்திலேயே வையுங்கள். அச்சுத் தாளாக மட்டும் இருப்பவற்றை மின்வருடினால் டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் தமிழ் அச்சைப் படித்து, தேடக்கூடிய உரையாக்கும். கையெழுத்தில் அது தடுமாறும். கிராணியார் எழுதிய பழைய சம்பளப் புத்தகத்தைப் படிக்க இன்னும் மனிதக் கண்தான் வேண்டும்.

அடையாள ஆவணங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிறப்புச் சான்றிதழ், சிவப்பு அட்டை, பழைய பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றின் மின்பிரதி மூலத்துக்கு ஈடாகாது. ஆனால் மூலம் தொலைந்தால், அதிலுள்ள எண்ணும் தேதியும் கையில் இருப்பவருக்குத் தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பம் எளிதாகும். குடியுரிமைக்காக அலைந்த குடும்பங்களுக்கு அந்த எண்ணின் மதிப்பு தெரியும். ஆனால் இவற்றைத் திருவிழாப் படங்களோடு ஒரே பகிர்வுக் கோப்புறையில் போடக்கூடாது. தனி உறை, தனிக் கடவுச்சொல், பெரியவர்கள் இருவருக்கு மட்டும் திறப்பு. கோயில் நிர்வாகமோ பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கமோ இப்படியொரு பெட்டி வைப்பதானால், பிறருடைய ஆவணங்களை வாங்கிவைக்கவே வேண்டாம். படமும் பேச்சும் போதும், அவையும் உரியவர் சம்மதத்தோடு.

இனி ஆள். அமைத்துத் தந்த பிள்ளை படிக்கவோ வேலைக்கோ போய்விடுவதால் பெட்டி கைவிடப்படுவதே இதில் மிகுதியாக நடக்கும் தோல்வி. கணியம், விழுப்புரம் கட்டற்ற மென்பொருள் குழு போன்றோர் தமிழிலேயே பாடங்கள் தருவதால், இரண்டாவது ஆளாக அம்மாவோ சித்தப்பாவோ கற்றுக்கொள்வது முடியாத காரியமன்று. பாதுகாப்பு மேம்பாடுகள் தானாக இறங்கும்படி அமைத்துவிடுங்கள். கடவுச்சொல், வட்டைத் திறக்கும் முறை, படங்கள் உள்ள உறையின் பெயர் மூன்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, வீட்டு மனைப் பத்திரத்தோடு வையுங்கள். படங்கள் ஏதோ ஒரு மென்பொருளின் தரவுத்தளத்துக்குள் மட்டும் இல்லாமல், ஆண்டு வாரியான சாதாரண உறைகளில் இருந்தால், எதுவும் தெரியாத பேரன்கூட வட்டைச் செருகித் திறந்துகொள்வான்.

எல்லாவற்றிலும் அவசரமானது கணினி சார்ந்ததே அன்று. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பலரும் எழுபது, எண்பதைத் தாண்டிவிட்டார்கள். படம் வழங்கியில் பத்திரமாக இருந்தும், அதில் நிற்பவர் யாரென்று சொல்ல ஆளில்லாமல் போனால் காத்ததில் பாதிப் பயன் போயிற்று. ஆகவே பெட்டி வாங்குவதற்கு முன்பே தொடங்கலாம்: படத்தைப் பெரியவர் கையில் கொடுத்து, அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவுசெய்து, ஆண்டு, தோட்டம், ஆள் பெயர் என்ற வரிசையில் படக் கோப்புக்கும் குரல் கோப்புக்கும் ஒரே பெயர் வைத்து, ஒரே உறையில் போட்டுவையுங்கள். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால், எந்தத் திருவிழாவில் எடுத்தது என்று அவர் சொல்லும் அடையாளத்தையே பெயரில் எழுதலாம்.